கதவில் போட்ட கோடுகள்

சும்மா சொல்லக்கூடாது, நல்ல அலமாரி. பழைய சாமான் கடையின் பின்கோடியில், ஈரம் ஊறிய மெத்தைகளும் பாச்சை உருண்டையும் கலந்து மூக்கை அடைத்த வாடைக்கு நடுவே, யார் வீட்டிலோ ஓடி ஓய்ந்த மின்விசிறிகள் ஆளுக்கொரு சத்தத்தில் உறுமிக்கொண்டிருக்க, அது தனியாக நின்றது. கதவைத் திறந்ததும்தான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

உள்பக்கம் பென்சில் கோடுகள். பிள்ளைகளை நிறுத்தி உயரம் குறிப்போமே, அந்த மாதிரி. இடப்பக்கக் கோடுகள் அவள் நெஞ்சுவரை ஏறி நின்றன. வலப்பக்கத்துக் கோடுகள் அதே உயரத்தில் தொடங்கி, இறங்கி இறங்கி, கதவின் அடி விளிம்பையே தொட்டன.

"அண்ணன், தம்பியா இருக்கும்கா," என்றார் கடைக்காரர்.

"கணுக்கால் உயரத்துல எந்தத் தம்பி நிப்பான்?"

"பூனைக்குட்டியை அளந்திருப்பாங்க!"

அவளும் சிரித்துவிட்டாள். வீட்டில் மகளின் துணியெல்லாம் நாற்காலியில் மலையாய்க் குவிந்து கிடந்தது. வாங்கிவிட்டாள்.

வீட்டில் இறக்கியதுமே சிட்டு கதவோடு ஒட்டி நின்றுகொண்டாள். "அம்மா, என்னை அளந்து பாரு!" தலைமேல் பென்சிலை வைத்தாள் அம்மா. உச்சிக் கோட்டின்மேல் அச்சாகப் பொருந்தியது. அட, என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

மறுநாள் காலை பள்ளிப் பாவாடை சிட்டுவின் பாதத்தில் புரண்டது.

"துவைச்சதுல தொளதொளத்துப் போயிருக்கும்," என்றான் கணவன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்." அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவள் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மதியம் குளியலறையிலிருந்து குரல் வந்தது: "அம்மா, குழாய் எட்டலை." நேற்றுவரை எட்டிய குழாய். மகளை அலமாரிக் கதவோடு நிறுத்தினாள். உச்சி, வலப்பக்கத்தின் நடுக்கோட்டில் நின்றது. அதே முகம், விழுந்து முளைத்த அதே முன்பல், அதே வாயாடிப் பேச்சு. உயரம் மட்டும் இல்லை.

கடைக்குப் போன் போட்டாள். "அதை வித்தவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அவங்களுக்குப் பிள்ளையே இல்லைக்கா. நானும் கோட்டைப் பார்த்துட்டு இதையேதான் கேட்டேன். அந்தம்மா அப்படி அழுதாங்க..."

ரப்பரால் அழித்தாள். போகவில்லை. ஈரத்துணி. கத்தி. மரம்தான் செதிலாய் உரிந்து வந்தது. கோடுகள் அடியில் அப்படியே கருத்துக் கிடந்தன. வெளியே வெளிச்சம் மங்கியது. அலமாரியின் நிழல் தரையில் நீண்டு வந்தது. மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். விடமாட்டேன். கீழே இறக்கவே மாட்டேன்.

கனம் குறைந்தது. இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏற்றினாள். பாவாடை கழன்று தரையில் விழுந்தது. சேலைத் தலைப்பில் சுற்றினாள். இன்னும் குறைந்தது. ஐயோ. என் கண்ணே. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது. கணவன் விளக்கைப் போட்டான். தரையில் கிடந்த பாவாடையைப் பார்த்தான். அலமாரியின் முன்னால், இரு உள்ளங்கைகளையும் குவித்து மூடி, அசையாமல் நிற்கும் மனைவியைப் பார்த்தான்.

"சிட்டு எங்க?"

அவள் கையைத் திறக்கவில்லை. விரல் இடுக்கிலிருந்து, கொசுவின் ரீங்காரத்தைவிட மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"அம்மா, இருட்டா இருக்கும்மா."