ஒரு தட்டு, இரண்டு தட்டு

‘அடி’ என்று இப்போது சொன்னது அவரில்லை.

இந்த நினைப்பு வந்து சேர்வதற்குள் அவள் கை காரின் சாவியைத் திருப்பிவிட்டிருந்தது. செல்ஃப் மோட்டார் கர்கர்ரென்று இரண்டு சுற்று இழுத்துவிட்டு ஓய்ந்தது. தூக்கி நிறுத்திய பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஸ்பேனர் விழுந்து உருண்டது. பிறகு கணவனின் கத்தல்.

“யாருடி அடிக்கச் சொன்னா? உள்ள கை இருக்கு!”

“நீங்கதாங்க... ‘அடி’ன்னு...”

“நானா?”

அவன் சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். புறங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவன் செயற்கைப் பல் செய்கிறவன். அரிசி அளவுப் பல்லை மெழுகில் நிற்கவைக்கிற விரல்கள் அவை. பத்தும் ஒழுங்காக இருந்தால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும். அந்த விரல்களில் இரண்டால் அவள் காதைப் பிடித்து, பிளக்கைக் கழற்றுவதுபோல நிதானமாகத் திருகினான்.

“காது இங்கதானே இருக்கு? இதையும் கழட்டிச் சுத்தம் பண்ணணுமா?”

சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். அவன் போன பிறகும் அவள் காதுமடலில் கிரீஸும் பெட்ரோலும் மணத்தன.

காருக்கு அவன் வைத்த பெயர் ராணி. பெண்டாட்டிக்கு ‘ஏய்’. ராணிக்கு முப்பது வயது. காலையில் எழுப்பினால் எழுந்திருக்காது, எழுந்தாலும் இளைப்புக்காரன்போல இழுத்து இழுத்து ஓடும், சிக்னலில் நின்றால் உடம்பை உதறிக்கொண்டு அணைந்துவிடும். கிளம்பாத காரை நாலு பேர் பார்த்தால் மானம் போய்விடும் என்று விடுமுறை நாளின் மத்தியானத்தில் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, சுவரோடு ஒட்டிய அந்த நீளமான இருட்டறையில், பழைய டயர் வாடைக்கும் ஒழுகிக் காய்ந்த ஆயில் வாடைக்கும் நடுவே, அவன் முன்னால் குனிந்து நிற்பான், அவள் சாவியில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். பானெட் நின்றுவிட்டால் அவளுக்கு முன்னால் வெறும் தகரச் சுவர். அவன் முகம் கிடையாது, தோள் கிடையாது. ஒரு குரல், அவ்வளவுதான். பதினொரு வருடமாக அந்தக் குரலுக்கு அவள் கை தானாகவே அசைந்து பழகியிருந்தது.

ஆனால் சற்று முன் வந்த ‘அடி’யில் திட்டு இல்லை. அதுதான் வித்தியாசம். அது மெதுவாக, கிட்டத்தட்ட பிரியமாக வந்தது.

“இனிமே வாய்ல சொன்னா கேக்காதே, நானே சொன்னாலும் கேக்காதே,” என்று தகரத்துக்குப் பின்னாலிருந்து சொன்னான். “தகரத்துல ஒரு தட்டு தட்டினா, செல்ஃப் அடிக்கணும். ரெண்டு தட்டு, நிறுத்தணும். மண்டையில ஏறிச்சா? மாட்டுக்குக்கூட ஒரு தடவை சொன்னா போதும்.”

“ஏறிச்சுங்க.”

டொக்.

திருப்பினாள். ராணி இருமியது, திணறியது, முழு வண்டியையும் ஆட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது. புகை ஷட்டருக்கு அடியில் வழி தேடிக் கிடைக்காமல் திரும்பி வந்து அவள் கணுக்காலைச் சுற்றியது.

“ஒவ்வொரு பிளக் வயரா புடுங்கறேன். சத்தம் மாறலேன்னா அந்த சிலிண்டர் செத்ததுன்னு அர்த்தம். கேட்டுச் சொல்லு.”

முதல் வயர். எஞ்சின் தடுமாறியது. “மாறுதுங்க.” இரண்டாவது. “மாறுதுங்க.” மூன்றாவதைப் பிடுங்கியபோது அவள் காதைக் கூர்மையாக்கினாள். அந்த உதறலுக்கு நடுவே, உதறலோடு ஒட்டாத ஒரு மூச்சு கேட்டது. இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு. அவள் வாயைத் திறக்கவில்லை.

“மாறலைங்க,” என்றது அவளுடைய குரல்.

முன்னாலிருந்து வந்தது. அவனுக்குப் பக்கத்திலிருந்து.

“கேக்குது, கேக்குது. காதுகிட்ட வந்து கத்தாதே.”

டொக் டொக். அவள் நிறுத்தினாள். எஞ்சின் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

“என்னங்க.”

“என்ன?”

“அங்க... உங்க பக்கத்துல யாராவது...”

“உங்க அம்மா நிக்கறாங்க. விசிறி விடறாங்க.” சிரிப்பு. “பெல்ட்டும் லூசா இருக்கு. பேசாம உக்காரு. கையை உள்ள விட்டுத்தான் இழுக்கணும்.”

“சாவியை எடுத்துடட்டுமாங்க?”

“மறுபடி ஸ்டீயரிங் பூட்டிக்கும். தட்டாம நீ கையை அசைக்காதே. அந்த அளவுக்காவது அறிவு இருக்குல்ல?”

அவள் கையைச் சாவியிலிருந்து எடுக்க நினைத்தாள். எடுத்ததாகவும் நினைத்தாள். குனிந்து பார்த்தால் கை அங்கேயே இருந்தது.

பானெட்டின் அடி விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே பார்த்தாள். தொங்கவிட்ட கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சம். பெல்ட்டுக்கு அடியில் அவனுடைய இடது கை. அதன்மேல் வலது கை. இரண்டும் மணிக்கட்டுவரை உள்ளே.

“ரெண்டும் உள்ளதான் இருக்கு,” என்றது அவள் குரல். இப்போது முன்னால் இல்லை. காதுக்குள். கிரீஸ் மணக்கிற காதுக்குள்.

டொக்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைகள் இரண்டும் உள்ளேயே இருந்தன. இரண்டு கையும் உள்ளே இருக்கிறவனால் தட்ட முடியாது. இது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு ஒரு கடுகு வெடிக்கிற நேரம் அவளுக்குக் கிடைத்தது. முழுசாகக் கிடைத்தது.

திருப்பினாள்.

ராணி ஒரே இழுப்பில் கிளம்பியது. இருமல் இல்லை. உதறல் இல்லை. புதுக் கார்போல, பட்டுத்துணி கிழிவதுபோல ஓடியது. அதற்குமேல் அவன் சத்தம்.

“நிறுத்து! நிறுத்துடீ!”

வாயால் சொன்னால் கேட்கக்கூடாது.

“ஏய்... கை... கைடீ...”

நானே சொன்னாலும்.

“அம்மா... நிறுத்தும்மா... உன் கால்ல விழறேன்...”

அம்மா. பதினொரு வருடத்தில் முதல் தடவை.

இடைவெளியில் கைவிளக்கு ஆடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்தது. போனது. வந்தபோது மூன்று கைகள் இருந்தன. மூன்றாவது அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. மெலிந்த கை. நகம் கடித்த கட்டைவிரல். மோதிரம். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். சாவியின்மேல். அதே கட்டைவிரல். அதே மோதிரம்.

முன்னாலிருந்த கையால் அவனை இழுக்க முடியவில்லை. அது முழங்கைவரை நனைந்திருந்தது. அவனை விட்டுவிட்டு மேலே வந்தது. தகரத்தைத் தேடியது.

டொக் டொக்.

தெளிவாகக் கேட்டது. மறுபடியும் தட்டியது. டொக் டொக். அழுகிறவள் கதவைத் தட்டுவதுபோல.

“மாட்டேன்,” என்றாள் அவள், மெதுவாக, தட்டிக்கொண்டிருந்த தன் கையைப் பார்த்து.