பசியாறி வந்தவர்

தட்டில் கை வைக்காமலே அங்கப்பன் ஏப்பம் விட்டார். மாசாணியம்மாள் விசிறியை நிறுத்தினாள். வெயிலில் கிடந்து அழுகிய மீன் குடலின் நாற்றம். அது அவர் வாயிலிருந்து வந்தது.

"எனக்குப் போதும் கண்ணு," என்று எழுந்துவிட்டார். ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை.

சோமனூரில் பஞ்சு வியாபாரம் செய்துகொண்டிருந்த மனுஷர். முப்பத்தாறாம் வருஷம் தை பிறந்ததிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சி, இளநீர், கோயமுத்தூர் டாக்டரின் மருந்து எல்லாம் போன வழியே திரும்பின. கடல் காற்றுப் பட்டால் தேறலாம் என்று டாக்டர் சொன்னதால், போத்தனூரில் ரயில் மாறி இந்த மலையாளக் கரைக்கு வந்து, துரைமார் போட்ட பூங்காவை ஒட்டிய ஓட்டு வீட்டில் இறங்கியிருந்தார்கள். காலையில் மணலில் நடப்பதும், பூங்காவின் கோடியிலிருந்த ஆலமரத்தில் கூடு கட்டியிருந்த கடல் கழுகைப் பார்ப்பதும்தான் வேலை.

முதல் நாள் அவளும் கூடப் போனாள். வெள்ளை நெஞ்சோடு அலைக்கு மேலே எழும்பிய அந்தப் பறவை, காலில் நெளியும் பாம்போடு தலைக்கு மேல் கடந்தபோது அவளுக்கும் புல்லரித்தது. ஆனால் மரத்தடியில் நிற்க முடியவில்லை. செதிலும் முள்ளும், ஓடு பிளந்த ஆமைக் குஞ்சும், எச்சம் வழிந்து வெளுத்துப்போன வேர்களும், அவற்றின்மேல் கொழுத்து மொய்த்த பச்சை ஈக்களும், மீன் கவிச்சியும் சீழும் கலந்து தொண்டைக்குள் இறங்கும் அந்த வாடையும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். அப்புறம் அவர் தனியாகத்தான் போனார்.

பத்தே நாளில் கன்னத்தில் சதை போட்டது. துருத்திய கழுத்தெலும்பு மறைந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது வீண் போகவில்லை என்று அவள் கண் கலங்கினாள். ஆக்கி வைத்த சோறு அப்படியே மிஞ்சுவதை அதற்கப்புறம்தான் கவனித்தாள். சாப்பிடாத மனுஷருக்குச் சதை எங்கிருந்து வருகிறது?

வேட்டியைத் துவைக்கும்போது மடிப்பிலிருந்து செதில்கள் உதிர்ந்தன. தலையணை உறையில் மஞ்சளாய்க் கோழை கட்டியிருந்தது. கையில் எடுத்தபோது நூலாய் இழுத்தது. வாயைப் பிளந்தபடியேதான் தூங்கினார். ஒரு நாள் காலை, அவர் வாய் கொப்பளித்த செம்புக்குள் நான்கு பற்கள் கிடந்தன.

அவள் கேட்டேவிட்டாள். அவர் ஈறைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"இனி எதுக்கு மாசாணி? மெல்ற வேலையே இல்லியே."

அவள் செம்பைத் தள்ளி வைத்தாள். கட்டிய புருஷனைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று அழுகை வந்தது.

பூங்காக் காவல்காரரின் மனைவி தாஜுன்னிசா போத்தனூர்க்காரி. தண்ணீர் கொண்டுவரும்போது ஊர்ப் பேச்சுப் பேசுவாள். அவளிடம்தான் மாசாணியம்மாள் மெதுவாக விசாரித்தாள். இதற்கு முன் இந்த வீட்டில் தங்கியவர்களும் சீக்காளிகள்தானாம். எல்லோருக்கும் உடம்பு தேறியதாம். எப்போது ஊருக்குத் திரும்பினார்கள் என்று கேட்டதற்கு, குடத்தை இடுப்பில் ஏற்றியவள் ஆலமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க அம்மணி," என்றாள். "வெயில் சாயறதுக்குள்ள."

மாசாணியம்மாள் பெட்டியைக் கட்டினாள். நாலு மணி ரயில். அவரும் மறுக்கவில்லை. ஒரு நடை கழுகைப் பார்த்துப்போட்டு வாரேன் என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார். அரை மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது.

அவள் மணலில் ஓடினாள். வெயில் இன்னும் சாயவில்லை. கடல் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை; காக்கைகூட இல்லை. நாற்றம் பாதி வழியிலேயே எதிர்கொண்டு முகத்தில் அப்பியது. மரத்தடியில் அவர் செருப்பு. ஈ மூடிய செருப்பு. அடிமரத்தில் பட்டை உரிந்து, யார் யாரோ ஏறி ஏறி வழவழத்த தடம். அதில் ஈரம்.

நிமிர்ந்தாள்.

மாட்டு வண்டி அகலத்துக்குச் சுள்ளிக் கூடு. அதன் விளிம்பில் அவர் தலை. கழுத்தை வானத்துக்கு நீட்டியிருந்தார். வாய் திறந்திருந்தது.

கழுகு குனிந்தது.

அலகு அவர் தொண்டைக்குள் போனது. ஆழமாக. கழுகின் கழுத்து குலுங்கியது. கொழகொழவென்று ஏதோ இறங்கியது. கொஞ்சம் கடைவாயில் வழிந்து, சொட்டி, கீழே அவள் கன்னத்தில் விழுந்தது. வெதுவெதுப்பாக.

"ஏனுங்க..."

அவர் திரும்பவில்லை. விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார்.

பக்கத்தில் சுள்ளி அசைந்தது. ஒரு நரைத்த தலை எழும்பியது. மூக்குத்தி போட்ட கிழவி. பீளையில் ஒட்டிப்போன கண்கள். கிழவிக்குப் பின்னால் இன்னொரு தலை, கன்னம் உப்பி, வழுவழுவென்று. இரண்டும் தடவித் தடவி அவர் தோளை முட்டின. இடித்துத் தள்ளின.

மூன்று வாய்களும் சிவக்கச் சிவக்கத் திறந்தன.