கதவை மறைத்த செடி

வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் செடி திரும்பும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். அவள் வீட்டுச் செடியோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துவது அவள் வேலை. ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் பட்டுவிடும். ஹாலில் அவள் மேசைக்கு எதிரே ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த அந்த மான்ஸ்டெராச் செடியின் அகன்று கிழிந்த இலைகள் எல்லாம், பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. மகளின் அறைக்கதவு. மருத்துவமனையிலிருந்து மகள் இல்லாமல் திரும்பிய அன்று பூட்டியது, பூட்டியதுதான். இப்போது வீட்டில் அவள் ஒருத்திதான்.

செடி வைக்கச் சொன்னது அக்கா. "அந்தக் கதவையே பாத்துட்டு உக்காந்திருந்தா நீயும் போய்ச் சேந்துடுவடி. பெருசா ஒரு செடி வாங்கி முன்னாடி வை. கதவும் மறையும், வீட்டுக்கும் ஒரு களை வரும்."

"எந்தக் களை? பிடுங்கிப் போடுற களையா?"

நெடுநாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அழுகையானது.

களை வந்தது உண்மைதான். வெள்ளைத் தொட்டி, ஏறிப் பிடித்துக்கொள்ள நார் சுற்றிய கம்பு, பக்கத்தில் உயரமான விளக்கு. தினமும் ஒவ்வொரு இலையையும் அடியில் கைகொடுத்துத் தாங்கி, முகம் துடைத்துவிடுவதுபோல ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துவிட ஒரு ஜீவன் இருக்கிறதே என்று இருந்தது.

தொட்டியைத் திருப்பி வைத்தாள். மறுநாள் இலைகள் மறுபடியும் கதவுப் பக்கம். எவ்வளவு ஊற்றினாலும் மண் வறண்டே கிடந்தது. அடித்தட்டில் ஒரு சொட்டு வடியவில்லை.

"அக்கா, தண்ணி குடிச்சிட்டே இருக்கு."

"வளர்ற பிள்ளைடி, குடிக்கட்டும்." சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபோனைச் சட்டென்று வைத்துவிட்டாள்.

ஒரு மழைநாள் மாலை, வெளிச்சம் சாம்பல் நிறமாகி ஜன்னலில் தேங்கி நின்றபோது, தண்டைத் துடைக்கக் குனிந்தவள் பின்புறம் தொங்கிய விழுதைப் பார்த்தாள். விரல் தடிமன். அது மண்ணுக்குள் போகவில்லை. சுவரோரமாகத் தரையில் ஊர்ந்து, கதவின் அடி இடுக்கில் நுழைந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் கொத்தாக நிறைய.

காதைக் கதவில் வைத்தாள். உள்ளே கட்டில் முனகியது. தூக்கத்தில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம்.

ஓடியிருக்கலாம். அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் சாவியைத் தேடினாள்.

கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனை முகத்தில் அறைந்தது. இருட்டு. திரைச்சீலை. கட்டில்.

மெத்தையில் வேர்கள். வெள்ளை வெளேரென்று, பின்னிப் பின்னி ஒரு சின்ன உடம்பாக. மடக்கிய முழங்கால்கள். கன்னத்துக்கு அடியில் ஒரு கை. மகள் படுப்பது அப்படித்தான்.

மார்பு ஏறியது. இறங்கியது.

"அம்மா வந்துட்டேன்டா," என்றாள். கால்கள் பின்வாங்கவில்லை. கட்டில் விளிம்பில், எப்போதும் அம்மாவுக்கென்று மகள் விட்டுவைக்கும் அந்தச் சின்ன இடத்தில், ஒருக்களித்துப் படுத்தாள்.

தூக்கத்தில் குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வதுபோல, ஈரமான வேர் ஒன்று மெதுவாக அவள் கழுத்தைச் சுற்றி வந்தது. இறுகியது.

அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படுத்தாள்.