ஆரோக்கியமாக ஒரு மாரடைப்பு!

"ஐயோ...! என்னங்க...!"

அலறல் கேட்டு கிளினிக் வராண்டாவே எழுந்து நின்றது.

உள்ளே, பரிசோதனைக் கட்டிலுக்குக் கீழே அவர் கிடந்தார். கப்பல் என்ஜின் அறையில் பல வருஷம் எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவர். ஆயிலர். ஊசிக்காகச் சுருட்டிய சட்டைக் கை இன்னும் இறங்கவில்லை.

"திரும்பக் கப்பலுக்கு அனுப்பினா செத்துடுவாருன்னு சொன்னேனே... இங்கேயே சாய்ச்சுட்டீங்களேய்யா!"

மனைவி கதறினாள். கம்பெனி டாக்டர் ஊசியைக் குப்பைத்தொட்டிக்குள் நழுவவிட்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது... புருஷன், மனைவி இருவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தது!

அடுத்து வந்தது போலீஸ்.

பெண் இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடவே எழுதிக்கொள்ள ஒரு ஏட்டு. எதிரே டாக்டர். பக்கத்தில், சேதி கேட்டு ஓடிவந்த கப்பல் கம்பெனி மேனேஜர். இரண்டு பேரும் ஒரே கைக்குட்டையில் மாறி மாறி வியர்வை துடைத்தார்கள்.

"அவர் எதுக்கு இங்க வந்தார்?"

"நஷ்டஈடு கேஸ் மேடம்," என்றார் மேனேஜர். "கப்பல் வேலையால இதயம் கெட்டுப்போச்சாம். இனிமே உழைக்க முடியாதாம். எல்லாம் நடிப்பு! அதான் டாக்டர்கிட்ட கடைசி செக்கப்புக்கு அனுப்பினோம்."

"டாக்டர் என்ன முடிவு பண்ணீங்க?"

"நல்லா இருக்கார், வேலைக்குப் போகலாம்னு எழுதிட்டேன்..."

"எப்போ?"

"அவர் உள்ள வர்றதுக்கு... கொஞ்சம் முன்னாடி..."

ஆகா! ஆளைப் பார்க்காமலே வியாதியை விரட்டும் கைராசி! கம்பெனி இவரைச் சும்மாவா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது?

"அப்புறம் ஊசி எதுக்கு? ஊசி போட்டதும் சாய்ஞ்சுட்டார்னு அவர் சம்சாரம் சொல்றாங்க."

"பிரஷர் எகிறியிருந்துச்சு மேடம். ரிப்போர்ட்ல நார்மல்னு வரணுமே... அதான், குறைக்கலாம்னு..."

இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது.

"ம்... ம்... சரிம்மா."

வைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் அந்தத் தொப்பியையே பார்த்தார். "மே... மேடம்... கொலைக் கேஸா?"

"ஆரோக்கியமான மனுஷன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஊசி போட்டீங்க. விழுந்துட்டார். நான் வேற என்னன்னு எழுத?"

"ஐயையோ! அவர் இதய நோயாளி மேடம்! முத்திப்போன கேஸ்! மாடிப்படி ஏறவே லாயக்கில்லை. கப்பல் வேலையை நினைச்சே பார்க்கக் கூடாது!"

மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். "ஆனா அது கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இருந்த வியாதி மேடம்! கப்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை!"

"ஓஹோ. கப்பல் ஏறும்போது அவரைச் செக் பண்ணி அனுப்பினது யாரு?"

மேனேஜரின் விரல் டாக்டர் பக்கம் நீண்டது.

"அப்ப கெட்டுப்போன இதயம்னு தெரிஞ்சே ஏத்தி விட்டீங்களா டாக்டர்? அதுக்குத் தனியா ஒரு கேஸ்..."

"இல்லவே இல்லை!" டாக்டர் எழுந்தேவிட்டார். "ஏறும்போது கல்லு மாதிரி இருந்தார்! எல்லாம் கப்பல்ல வந்ததுதான். அந்த அனல்ல டபுள் ஷிஃப்ட்... தூக்கம் கிடையாது. ஆயிலருக்கு நெஞ்சு வலிக்குதுன்னு கேப்டனே சேதி அனுப்பினார். இந்த ஆளுதான் வாயு மாத்திரை குடுக்கச் சொன்னான்!"

"யோவ்!"

"என்ன யோவ்? லாபம் உனக்கு, தூக்கு எனக்கா?"

ஏட்டு வரி விடாமல் எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மேனேஜரும் போட்டார். தான் உள்ளே போவதைவிட கம்பெனிப் பணம் வெளியே போவது மேல் என்று அந்தத் தங்கமான மனசுக்குத் தோன்றியிருக்க வேண்டும்!

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கிளம்புங்க. ஆயிலர் கண்ணு முழிச்சுட்டாராம்."

"என்னது...? சா... சாகலையா?"

"செத்துட்டார்னு நான் எப்பய்யா சொன்னேன்? தலை அரிச்சுது, தொப்பியைக் கழட்டினேன். போன்ல அவர் சம்சாரம். 'பிழைச்சுட்டார் மேடம், மறுபடியும் கப்பலுக்கே அனுப்பிடுவாங்களா'ன்னு அழுதாங்க. பதில் தெரியாம முழிச்சேன். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நஷ்டஈடு அவருக்கு... ஊசிக் கேஸ் உங்களுக்கு!"

மேனேஜர் தொப்பென்று உட்கார்ந்தார். டாக்டர் மார்பைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்... எனக்கு... நெஞ்சு வலிக்குது..."

"நடங்க டாக்டர். வேலையால வந்த வலிதான்... நானே சாட்சி சொல்றேன்!"