தரையில் பறந்த நேரம்

மார்கழி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்து, அன்று மத்தியானம்தான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. விதுர்ஷா பழுகாமத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது பறப்புப் பள்ளியின் ஓடுபாதையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வயல் வட்டைகளுக்கும் கண்டல் பற்றைக்கும் நடுவே போடப்பட்ட சின்னப் பாதை அது. ஒரு தகரக் கொட்டகை, ஓர் அலுவலக அறை, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு வெள்ளை விமானம். பள்ளி என்று சொல்ல அவ்வளவுதான் இருந்தது. முன்பு இன்னொரு விமானமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அது வாவிக்குள் விழுந்துவிட்டது. அதை ஓட்டிப் போன உதயரூபன் என்ற மாணவனைக் கடைசிவரை கண்டெடுக்கவே இல்லை.

விதுர்ஷாவுக்குத் திங்கட்கிழமை கொழும்பில் நேர்முகம். ஒரு விமானக் கம்பெனி புதிய விமானிகளை எடுக்கிறது. அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது, மொத்தப் பறப்பு நேரத்தைத் தவிர. ஆசிரியரோடு பறந்தது, தனியாகப் பறந்தது, தூர ஊர்களுக்குப் போய் வந்தது எல்லாவற்றையும் கூட்டினாலும் கேட்ட கணக்குக்குச் சில மணி நேரம் குறைந்தது. அதைப் பறந்து முடிக்கலாம் என்றிருந்த வாரத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. குவைத்தில் வேலை செய்யும் அம்மா அன்னப்பூரணி காலையிலும் போன் எடுத்து, "திங்கட்கிழமைக்கு என்ன உடுப்பு பிள்ள?" என்று கேட்டிருந்தாள்.

பள்ளியின் சொந்தக்காரரும் ஆசிரியருமான வினாயகமூர்த்தி தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"மகள், வானத்தப் பாத்துக்கொண்டிருந்தா திங்கட்கிழமை போயிரும். எஞ்சினப் போட்டுட்டு உள்ளுக்க இரி. எஞ்சின் ஓடுற மணிய எண்ணுற மீட்டர் தன்பாட்டுல ஓடும். பதிவுப் புத்தகத்துல தனிப் பறப்பெண்டு எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்."

"பறக்காமலா சேர்?"

"எல்லாரும் செய்யிறதுதான். வாவிக்கு மேல போனா என்ன, நிலத்தில நிண்டா என்ன, எஞ்சினுக்குத் தெரியவா போகுது?"

பறப்பு நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதல் வகுப்பில் அவளுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். பறப்பதற்காக விமானம் தன் பலத்தில் நகரத் தொடங்கும் கணத்தில் நேரம் ஆரம்பிக்கும். இறங்கி, ஓடி, அசையாமல் நிற்கும் கணத்தில் முடியும். நகராத விமானத்துக்கு நேரமே இல்லை. அன்று அதை எவ்வளவு கண்டிப்பாகச் சொன்னார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. இருந்தும், "சரி சேர்" என்றாள்.

அண்ணன் முறையில் அவள் நானா என்று கூப்பிடும் மெக்கானிக் இல்ஹாம், விமானம் நகராதபடி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை வைத்தார். ஏறாவூர்க்காரர், வாய் ஓயாமல் கதைக்கிற மனிதர். அன்று அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தங்கச்சி, ஹெட்செட் மட்டும் போட வாணாம்."

"ஏன் நானா? சத்தத்துல காது போயிரும்."

"காது போனாலும் பரவாயில்ல."

அவர் கொட்டகைக்குப் போய்விட்டார்.

விதுர்ஷா கதவைச் சாத்தி, இருக்கைப் பட்டியைப் பூட்டி, எஞ்சினைக் கிளப்பினாள். முன்விசிறி சுழன்று வட்டமாகி மங்கியது. அதோடு மழை மறுபடி இறங்கியது. கண்ணாடியெல்லாம் வெள்ளையாகி, கொட்டகை மறைந்தது, ஓடுபாதை மறைந்தது. பெற்றோல் வாடையும் ஈர ரெக்சின் வாடையும் நிறைந்த அந்தச் சின்னக் கூண்டில் அவள் தனியாக இருந்தாள். இரைச்சல் மண்டையைப் பிளந்தது. பொறுக்க முடியாமல் ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டினாள்.

இரைச்சல் அடங்கியது.

உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

தன் மூச்சுத்தான் ஒலிவாங்கியில் கேட்கிறது என்று நினைத்து, அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அந்த மூச்சு நிற்கவில்லை.

மெதுவாக, ஈரமாக, தண்ணீருக்குள்ளிருந்து வாய் திறப்பதுபோல அது வந்துகொண்டிருந்தது. பிறகு ஓர் இளைஞனின் குரல் மிக அருகில் கேட்டது.

"முதல் தரமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை. ஆனால் அதன் பட்டி பூட்டப்பட்டு, எதையோ இறுக்கிப் பிடித்தபடி விறைப்பாக நின்றது. இருக்கையின் ஓரத்தால் தண்ணீர் சொட்டியது. வாவிச் சேற்றின் நாற்றம் கூண்டை நிறைத்தது.

உயரமானியின் முள் அசைந்தது.

அவள் காது அடைத்துக்கொண்டது, உயரம் ஏறும்போது அடைப்பதுபோலவே. கண்ணாடியில் வெள்ளை கலைந்தபோது, கீழே வாவி நெளிந்து கிடந்தது. கல்லடிப் பாலம் ஒரு குச்சிபோலத் தெரிந்தது. தோணிகள் கடுகுபோல இருந்தன.

விதுர்ஷா எஞ்சினுக்குப் பெற்றோலை நிறுத்தும் சிவப்புக் குமிழைப் பிடித்து முழுதாக இழுத்தாள். அது கையோடு வந்தது. ஆனாலும் எஞ்சின் ஓடியது. சாவியைத் திருப்பி அணைத்தாள். அப்போதும் எஞ்சின் ஓடியது.

"நிக்காது," என்றது குரல். அதில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "இது நகரவே இல்லயே. தொடங்காத ஒண்ட எப்பிடி முடிக்கிற?"

"உதயரூபன் அண்ணாவா?" என்றாள் விதுர்ஷா. "என்ன இறக்கி விடுங்க அண்ணா."

"இறக்கத்தான் பாக்கிறன். எனக்கு வருகுதில்ல. மேகத்துக்குள்ள இறக்கிப் பழக வேண்டிய மணியெல்லாம் நான் இஞ்ச, கட்டை வெச்ச பிளேனுக்குள்ள இருந்துதானே எழுதினன்."

மூக்கு கீழ்நோக்கிச் சரிந்தது. வாவி எழுந்து வந்தது. வலைக் கம்புகள், அவற்றில் குந்தியிருந்த நீர்க்காகங்கள், தண்ணீரில் விழும் ஒவ்வொரு மழைத்துளியும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அவள் அலறினாள். தண்ணீர் கண்ணாடியைத் தொட்டதும் எல்லாம் வெள்ளையானது.

மறுபடி உயரத்தில் இருந்தார்கள். மறுபடி கல்லடிப் பாலம். மறுபடி சரிவு.

எத்தனை தரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெற்றோல் முள் இறங்கவில்லை. வெளிச்சம் மாறவில்லை, பின்னேரமும் ஆகவில்லை, இரவும் வரவில்லை. அதே சாம்பல் நிற மத்தியானம். அவள் அழுது முடித்தாள். பசித்தது, பசி போனது. கையால் கண்ணாடியில் அடித்து அடித்து உள்ளங்கை மரத்துவிட்டது. இதற்குள் தன் தலை நரைத்திருக்குமோ என்றுகூட ஒரு தரம் நினைத்தாள்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இல்ஹாம் நானா கட்டை வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த விமானம் எங்கேயும் போகவில்லை.

"அண்ணா, இந்த மணிய நான் எழுத மாட்டன்," என்றாள்.

மூச்சு நின்றது.

"எனக்கு வேண்டாம். ஒரு நிமிஷம்கூட வேண்டாம்."

பிறகு குரல் அவள் காதுக்குள் மெல்லச் சொன்னது.

"பரவாயில்ல. ரெண்டு பேருக்கும் சேத்து நான் எண்ணுறன்."

அவள் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். பட்டியைக் கழற்றிக் கதவைத் தோளால் தள்ளினாள். காற்று முகத்தில் அறைந்தது. காலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், வாவி மின்னியது. நிலம் இருக்கிறது, நிலம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். உடம்பு நம்ப மறுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வெளியே விழுந்தாள்.

முழங்கால் தாரில் மோதியது.

எழுந்து, எந்தப் பக்கம் என்று பாராமல் ஓடினாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. இருவரும் சேர்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். அவள் போன திசையில், ஓர் எட்டுக்கு அப்பால், முன்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்! தங்கச்சி, என்ன வேல பாக்கீங்க!" என்று இல்ஹாம் கத்தினார்.

அவர் ஏறி எஞ்சினை நிறுத்தினார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைத்தபடியே இருந்தன.

"எவ்வளவு நேரம் நானா? நான் எவ்வளவு நேரம் உள்ள இருந்தன்?"

"நான் கொட்டகைக்குப் போய்த் திரும்பினன், நீங்க கதவத் திறந்து குதிக்கிறீங்க. இப்பதானே ஏறின?"

அவள் எட்டி மீட்டரைப் பார்த்தாள். அது துளிகூட நகர்ந்திருக்கவில்லை.

இல்ஹாம் ஈரத் தரையிலேயே இருந்துவிட்டார். "அவனுக்கும் நான்தான் கட்டை வெச்ச," என்றார். "சேர் சொன்ன, நான் வெச்சன். பொறவு அவன் மெய்யா மேகத்துக்குள்ள போன நாள், ரேடியோவுல கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டான், எப்பிடி இறக்குற எண்டு. இந்த வேல எனக்கு இனி வாணாம்."

விதுர்ஷா அலுவலக அறைக்குப் போய், தான் நேர்முகத்துக்குப் போகப்போவதில்லை என்று சொன்னாள். "பைத்தியமா உனக்கு?" என்றார் வினாயகமூர்த்தி. அவள் ஸ்கூட்டியை எடுத்தாள். அன்றிரவு அம்மாவிடம், மழை விட்டதும் மிச்ச நேரத்தை வேறு இடத்தில் பறந்து முடிப்பேன் என்றாள். அம்மா கொஞ்சம் அழுதாள், பிறகு சரி என்றாள். விதுர்ஷா நன்றாகத் தூங்கினாள்.

காலையில் மழை முற்றாக விட்டிருந்தது. வாவியில் வலை போடும் கனகசிங்கம், அவள் வீட்டு வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார்.

"பிள்ள, உங்கட பள்ளிக்கூடத்துப் பிளேன் ஏன் இப்பிடி வலைக்கு மேல தாழப் பதிஞ்சு வருகுது? மீனெல்லாம் கலையுது."

"அதப் பூட்டியாச்சு மாமா. நேத்து மத்தியானத்தோட ஒருத்தரும் எடுக்கல்ல."

"நேத்தில்ல பிள்ள. இப்ப, நான் வலை தூக்கிற நேரம். ரெண்டு பேர் இருந்தாங்க. ஒரு பொடியன், நேர பாத்தபடி." கனகசிங்கம் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "மற்றது உன்னப்போலயே ஒரு பொம்புளப்பிள்ள. கண்ணாடியில ரெண்டு கையாலயும் அடிச்சுக்கொண்டே இருக்கு மகள்."