போபாவின் எண்கள்

ஜெசிந்தா டீச்சர் வழக்கம்போல ஒன்பது மணிக்கு நாட்டறையைத் திறந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவந்து, வட்டமாக உட்கார்ந்தார்கள். நான்கு சுவர்த்திரைகளிலும் மேகோங் ஆறு எழுந்தது. இந்த வாரமும் கம்போடியாதான்.

தூத்துக்குடியிலிருந்து இப்போது யாரும் வெளிநாட்டைப் பார்க்கப் போவதில்லை. விமானப் பயணத்துக்கு உரிமம் கிடைப்பது அவ்வளவு அரிது. ஆகவே எல்லாப் பள்ளிகளிலும் நாட்டறை வந்தது. ஒரு பருவத்துக்கு ஒரு நாடு. அங்கே உண்மையாகவே வாழும் ஒரு பிள்ளை நேரலையில் வந்து தன் ஊரைக் காட்டும், நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்கும். வகுப்பு முடிந்ததும், ‘காட்டியது உண்மை’ என்று ஆசிரியர் கைரேகை வைக்க வேண்டும்.

மூன்று வருடங்களாக ஜெசிந்தா கைரேகை வைத்துவருகிறாள். மூன்று வருடங்களாகக் கம்போடியப் பருவத்துக்குப் போபா என்ற பிள்ளைதான் வருகிறாள். மூன்று வருடங்களாகப் போபாவுக்கு முன்பல் ஒன்று விழுந்தே இருக்கிறது.

போன மாதம் மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்டாள். “அது வேற பிள்ளையா இருக்கும் டீச்சர். அங்க எல்லாருக்கும் ஒரே சாடைதானே” என்றார் அவர். பதில் வந்த வேகம் ஜெசிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பையும் திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கரையோரப் பனைமரங்கள் ஏன் ஒரே பக்கமாகவே ஆடுகின்றன? ஆற்றில் ஏன் ஒரு நாளும் தண்ணீர் குறையவில்லை?

அன்றைக்கு மொழிப்பாடம். கெமர் எழுத்து பல்லவர் எழுத்தின் வழியில் பிறந்தது என்று ஜெசிந்தா சொன்னதும், கவின் எழுந்துபோய்ச் சுவரில் ஓடிய எழுத்துகளைத் தன் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தான். பிறகு போபா எண் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றுக்கு ‘மூய்’. இரண்டுக்கு ‘பீ’.

வகுப்பே உருண்டு சிரித்தது. ஆன்டோவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெசிந்தா அதட்டப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பை, நான்கு புவன், ஐந்து பிராம், ஆறு என்றால் ஐந்தும் ஒன்றும் சேர்ந்த பிராம்-மூய். அவை யாருக்கு நினைவிருக்குமோ தெரியாது. இரண்டை மட்டும் சாகும்வரை ஒருவரும் மறக்கப்போவதில்லை.

அடுத்தது விலங்குகள். உருண்டைத் தலையுடன் ஆற்று டால்பின்கள் கூட்டமாகத் துள்ளின.

“இன்னைக்கு எத்தன டால்பின் பாத்தீங்க?” என்று ஆன்டோ கேட்டான்.

“நிறைய! கூட்டம் கூட்டமாக!” என்று போபாவின் மொழிபெயர்ப்புத் தமிழ்க்குரல் குதூகலமாகச் சொன்னது. மொழிப்பாடம் என்பதால், அதற்கு அடியில் அவளுடைய சொந்தக் குரலும் மெல்லக் கேட்டது: “பீ.”

மறுபடி சிரிப்பு வெடித்தது. ஆன்டோ மட்டும் சிரிக்கவில்லை.

“டீச்சர், அவ பீன்னுல்லா சொன்னா. ரெண்டுன்னு அர்த்தம். நெறயன்னு சொல்லலயே?”

“இன்னொரு தடவ கேளு” என்றாள் ஜெசிந்தா.

“ஆத்துல மொத்தம் எத்தன இருக்கு?”

“எண்ண முடியாத அளவுக்கு!” என்றது தமிழ். அடியில், களைத்த குரலில், “பீ.”

பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களின் திரைகள் அனைத்திலும், சட்டப்படி, தேற்றி என்றொரு ஃபில்டர் உண்டு. பயமுறுத்தும் சத்தத்தையும் இரத்தத்தையும் அது மறைக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மறைத்த இடத்தில் எதை வைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஜெசிந்தாவும் கேட்கவில்லை. பழுது பார்க்கும்போது தேற்றியை அணைப்பதற்காக மட்டும் கொடுக்கப்பட்ட ஆசிரியர் சாவியை எடுத்து, சுவரின் மூலையில் செருகித் திருப்பினாள்.

பச்சை மறைந்தது. வெடித்த சேற்றுப் பரப்பும், நடுவே ஒடுங்கி ஓடும் பழுப்பு நீரும் நான்கு பக்கமும் வந்தன. ஒரு தகரக் கொட்டகையின் முன்னால், பதின்மூன்று வயதிருக்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எல்லாப் பற்களும் முளைத்திருந்தன.

முத்தரசி அழத் தொடங்கினாள். அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள்.

“அழுகிறாளா?” மொழிபெயர்ப்பு இப்போது அவளுடைய தொனியிலேயே வந்தது. “அவள் உண்மையாகவே அழுகிறாளா?”

“ஆமா. நீ போபாவா?” என்றாள் ஜெசிந்தா.

“மூன்று வருடமாக நான்தான் பேசுகிறேன். எங்கள் வீட்டை ஆறு கொண்டுபோன கதையைச் சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். என் தம்பி காய்ச்சல் வந்து இறந்துபோனதைச் சொன்னேன். அவன் பெயரைக் கேட்டுவிட்டு எல்லோரும் சிரித்தீர்கள்.” அவள் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “நீங்களெல்லாம் வெறும் படம் என்று நினைத்துவிட்டேன். சம்பளம் தருகிறார்களே என்று பேசிக்கொண்டிருந்தேன்.”

ஜெசிந்தாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவளும் கைதட்டியிருந்தாள்.

“தம்பி பேரு என்ன?” என்று ஆன்டோ தயங்கிக் கேட்டான்.

“விச்சாய்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கால்மணி நேரம் பேசினார்கள். பிறகு தலைமையகத்திலிருந்து இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். சுவர்கள் வெள்ளையாயின. தேற்றியை அணைத்த காரணத்தை உடனே தெரிவிக்கும்படி ஒரு படிவம் வந்தது. ‘பிள்ளைகள் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்’ என்று எழுதினாள் ஜெசிந்தா. உண்மை என்ற கட்டத்தில் விரலை வைக்கவில்லை. திங்கட்கிழமை விசாரணைக்கு வரும்படி பதில் வந்தது.

மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் மாறிப்போயிருந்தது. கவின் சத்துணவு முட்டையை உரித்து, முகர்ந்து, இது நிஜ முட்டையா என்று சமையல்காரம்மாவிடம் கேட்டான். முத்தரசி யார் சொல்வதையும் நம்பாமல், மாடிக்குப் போய்க் கடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மணியடித்த பிறகும் நிலானி மட்டும் போகவில்லை. பேசாத பிள்ளை அவள். பையைக் கட்டிக்கொண்டு கதவோரமாக நின்றாள்.

“என்னம்மா?”

“எங்கப்பா போன வருசம் கப்பலுக்குப் போனாவ டீச்சர். தெனமும் ஏழு மணிக்குத் திரையில பேசுவாவ.”

“ம்.”

“நா அழுதாலும் சிரிச்சிக்கிட்டே இருப்பாவ.” தரையைப் பார்த்தாள். “எங்க வீட்டுத் திரையிலயும் அந்தச் சாவியப் போட முடியுமா?”

நிலானியின் அம்மா ஒரு வருடமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “வா, அம்மாட்ட கேப்போம்” என்று அவள் கையைப் பிடித்தாள். அது சில்லென்றிருந்தது.

வீடு இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்த பெண் முதலில் மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு டீச்சரின் முகத்தை. அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடியே மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

“அவ அப்பா இல்லங்கிறது பன்னெண்டு வயசு வரைக்கும் அவளுக்குத் தெரியாதுன்னுல்லா திரைக்காரவ சொன்னாவ” என்றாள்.