முந்தி வந்த எக்கோ

மைக் செட்டுக்காரர் சக்கரபாணி மைக்கைத் தட்டி "ஹலோ" என்றபோது அந்த ஹலோ முதலில் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் உதடு அசைந்தது.

பாக்கியமேரி கண்ணை மூடித் திறந்தாள். திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காக டிரங்க் கால் இணைத்துக் கொடுப்பவள் அவள். பேசியவர் குரல் சற்றுப் பிந்தி அவருக்கே திரும்பி வருவது அவளுக்குப் பழக்கம்தான். பிந்தித்தான் வரும். முந்தி வந்து கேட்டதில்லை.

"அண்ணே, உங்க எக்கோ முன்னாடியே வருதே?"

"இன்னாம்மா, லைன்லயே ஒக்காந்துக்கினு இருந்து காது பேஜாராப் பூடுச்சா?"

மேடையில் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த தம்பி சின்னப்பராஜ் சிரித்தான். "நான் பாடறதே அக்காவுக்கு ராங் நம்பராத்தான் கேக்கும்ணே."

அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அவன் மைக்கில் வாயை வைத்தான், வெடுக்கென்று பின்வாங்கினான். "ஷாக்கு கிள்ளுதுண்ணே."

"ரப்பர் செருப்பு போட்டுக்கினு பாடு. கழட்டிடாத."

"அப்ப சாமி பாட்டு கெடையாது. செருப்போட எப்டிப் பாடறது? இன்னிக்கி பூரா நம்ம சொந்தப் பாட்டுதான்."

சக்கரபாணியின் முகம் சுண்டிப்போனது. "சாமி பாட்டு இல்லாம என் செட்டு ஓடனதில்ல, சின்னப்பு." மே மாதத்து வெக்கைக்காக மேடையின் சிமெண்டுத் தரையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பரப்பிவிட்டுப் போனார்.

கச்சேரி நடந்த இடம் சீட்டாட்டத்துக்கென்றே இருந்த சின்ன கிளப். சாயங்காலம் ஆனால் சீட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பதால் பகலிலேயே கச்சேரி. கலர் பல்பு எடுபட ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்தவர்கள், டேப் ரெக்கார்டரைத் தோளில் தூக்கிவந்த கோட்டக்குப்பத்துப் பையன்கள் என்று கூட்டம் பிதுங்க, டிக்கெட் இல்லாதவர்கள் வெளியே நின்று கதவை உதைக்க, உள்ளே இருந்தவர்கள் தாழ் போட்டு பெஞ்சையும் முட்டுக்கொடுத்தார்கள். பவுடர் வாசனை, பீடி நாற்றம், சூடேறிய ஆம்ப்ளிஃபயருக்குள் தூசி கருகும் வாடை எல்லாம் கலந்து தொண்டையில் படிந்தன. பின்சுவரோடு ஒட்டி நின்ற பாக்கியமேரிக்குக் கையை அசைக்கக்கூட இடமில்லை.

பாட்டு தொடங்கியதும் பல்லெல்லாம் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், வேறு ஒரு நிகழ்ச்சி ஓடுவதுபோல, பெட்டி தனியாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. கைதட்டல் கேட்டது, யாரும் தட்டவில்லை. பிறகு பாட்டு முடிந்தது, தட்டினார்கள். நாற்காலி விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். எல்லா நாற்காலியும் நின்றன. அடுத்த பாட்டின் நடுவில் ஒன்று விழுந்தது.

பெட்டியில் கண்ணாடி உடைந்தது. அண்ணாந்து பார்த்தாள். சிவப்பு பல்பு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது.

பெட்டியில் உடைந்தபோது அவளைத் தவிர யாரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

மிச்சமிருந்த நீல வெளிச்சத்தில் தம்பி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் அலறினாள்.

"தம்பி! செருப்பு!"

அவள் குரல். அவளுடையதேதான். அவள் வாய் மூடியிருந்தது.

அதன் பின்னால் வண்டு சுவரில் மாட்டிக்கொண்டதுபோல ஓர் உறுமல். கைதட்டல். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" கடைசியில், தெளிவாக, தம்பியின் குரலில் ஒரு சாமி பாட்டு.

அந்தக் குரல் கேட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. பாடுகிறான். அப்படியென்றால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அலறல்? பெட்டியில் கேட்டதெல்லாம் வரிசை தப்பாமல் நடந்திருக்கிறது. வரிசையில் அடுத்தது அவள் கத்துவது. கத்தாவிட்டால்? அந்த உறுமல் வராது. எதுவுமே வராது.

முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தொண்டை வரை. பல்லால் கடித்துப் பிடித்தாள்.

பாட்டு முடிந்தது. சின்னப்பராஜ் வேர்வையை வழித்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் முகம் தொங்க உட்கார்ந்திருந்த சக்கரபாணியைப் பார்த்தான். அவனுக்கு யார் முகம் சுண்டினாலும் பொறுக்காது.

"கடைசியா ஒரு சாமி பாட்டு. நம்ம மைக் செட்டு அண்ணனுக்காக."

சக்கரபாணியின் முகம் மலர்ந்தது. கூட்டம் விசில் அடித்தது.

சின்னப்பராஜ் குனிந்து மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாமி பாட்டு அல்லவா. இடது செருப்பு. வலது செருப்பு. ஓரமாக ஒதுக்கினான்.

வெறுங்கால். ஈரத் தரை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

முந்தானையை இழுத்தாள். பல்லில் சிக்கியது. கையை முழங்கை தடுத்தது, யாருடைய முழங்கையோ. இழுத்தாள். வந்தது.

அவன் இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தான்.

"தம்பி! செருப்பு!"

உறுமல்.

அவன் உடம்பு நிமிர்ந்து ஆடியது. தோள் ஆடியது. தலை ஆடியது. கூட்டத்துக்கு அது நடனம். கைதட்டினார்கள்.

"ஒன்ஸ் மோர்!"

அவள் முண்டினாள். யாரும் நகரவில்லை.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

சக்கரபாணி ஒயரைப் பிடுங்கினார். ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்கு அணைந்தது. உறுமல் நின்றது.

சின்னப்பராஜ் விழவில்லை. மைக்கோடு ஒட்டிய விரல்கள். நீல முகம். இறுகக் கடித்த பல். அசையாத உதடு.

ஒயர் பிடுங்கிய பெட்டியிலிருந்து, இனிமையாக, அவன் பாட ஆரம்பித்தான்.